வெட்டின ரெண்டு வரி

"இது தேவையா சார்?" அந்த தக்காளி விவசாயி கேட்டது அவ்வளவுதான். அவருக்கு நான் போட்டுக் கொடுத்த சீசன் பட்ஜெட்ல உயிரி மருந்துக்கு ஒரு வரி, வாரா வாரம் வயல்ல புழு பாக்க ஒரு வரி. கடன் தொகைக்குள்ள கணக்கு அடங்கல. "சரி எடுத்துருவோம், தேவைப்பட்டா அப்ப பாத்துக்கலாம்"னு சொன்னது நான்தான்.

தக்காளி காய்ப்புழு விஷயத்துல அப்ப பாத்துக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடம் இல்ல, இது எனக்கு தெரியாததும் இல்ல. அந்த உயிரி மருந்து பிடி (Bt), பாக்டீரியால இருந்து வர்றது, அத புழு தின்னாதான் சாகும், அதுவும் குட்டிப்புழுவா இருந்தாதான் நல்லா வேலை செய்யும், காயத் துளைச்சு உள்ள போயிட்டா எத அடிச்சாலும் எட்டாது. முட்டையும் குட்டிப்புழுவும் கண்ணுல பட்டாகணும், அதுக்குத்தான் அந்த வாராந்திர வரி. ரெண்டையும் ஒண்ணா வெட்டிட்டேன்.

ஆனா முந்தின சீசன்கள்ல புழு பெருசா வரல, கடனும் கிடைச்சாகணும், அவரும் ஒத்துக்கிட்டாரு. இத நான் எத்தனையோ தடவ எனக்கே சொல்லிக்கிட்டாச்சு.

புழு வந்துருச்சுன்னு அவர் போன் பண்ணப்போ முதல் பறிப்புக்கு 8 நாள் இருந்துச்சு, கைல இருந்த ரசாயன மருந்தோட லேபிள்ல காத்திருப்பு காலம், அதாவது அடிச்சதுக்கப்புறம் பறிக்காம விட வேண்டிய காலம், 14 நாள். "6 நாள்தானே சார் வித்தியாசம்?" முடியவே முடியாதுன்னேன். அடிச்சா பறிப்ப தள்ளிப்போடுங்க, அடிச்ச தேதிய ரெஜிஸ்டர்ல அப்படியே எழுதுங்க, காய்ல தங்குற மருந்து எச்சம் வரம்ப தாண்டுச்சுன்னா லோடே திரும்பிரும், ஐரோப்பாவுலல்லாம் தனியா வரம்பு சொல்லாத மருந்துக்கு பொதுவா கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான்னு மூச்சு விடாம பேசினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "பழம் 14 நாள் நிக்காது சார், அப்ப அடிக்கல"ன்னாரு.

அடிக்கல. பாதிக்கு மேல ஓட்டக்காய்.

அந்த "முடியாது" சரிதான், சாப்பிடப்போறவங்க யாரோட பிள்ளைகளோ, இன்னைக்கு கேட்டாலும் அதேதான் சொல்லுவேன். ஆனா அத சொல்றதுக்கு எனக்கு ஒரு செலவும் ஆகல, முழுசா அவர் தலையிலதான் விழுந்துச்சு. பறிப்பு தேதில இருந்து பின்னாடி எண்ணி, எந்த மருந்த எந்த தேதி வரைக்கும் அடிக்கலாம்னு பட்ஜெட் போட்ட அன்னைக்கே பக்கத்துல எழுதியிருந்தா அந்த உயிரி மருந்து வரிய வெட்ட அவரே விட்டிருக்க மாட்டாரோ என்னவோ. நான் அளவும் விலையும் மட்டும் எழுதினேன், நாள் எழுதல.

இந்த சீசனுக்கும் என்னையே கூப்பிட்டிருக்காரு. நேத்து ராத்திரி கணக்கு போட்டேன், நாளுக்கு தனி கட்டம் போட்டு. அந்த ரெண்டு வரியையும் சேத்தா இப்பவும் கடனுக்குள்ள அடங்கல.