ஓர் ஓலைக்குப் பல பின்னேரங்கள்

கலர்ப் பென்சிலை அவசரப்படுத்த முடியாது. கடதாசி கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் அதில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. மெழுகோ எண்ணெயோ கலந்த நிறம் அவற்றைப் பற்றிக்கொண்டுதான் தங்குகிறது. முதற் பூச்சிலேயே அழுத்தித் தேய்த்தால் மேடுகள் நசிந்து, பள்ளங்கள் நிரம்பி, அடுத்த நிறம் ஏற இடமில்லாமல் வழுக்கிவிடும். பென்சிலைக் கூராகச் சீவி, நுனியிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, அதன் பாரத்தை மட்டுமே கடதாசியில் விட்டு, ஒரே இடத்தில் மென்பூச்சுகளைத் திசை மாற்றி மாற்றி இடும்போதுதான் நிறத்துக்கு ஆழம் வருகிறது. ஆகவே, பெரியவர்களுக்கான நிறந்தீட்டும் புத்தகத்தில் ஒரு பக்கம் மெதுவாக நகர்வதைக் குறையாக எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது நான் தீட்டிக்கொண்டிருப்பது ஒரு பனங்கூடல். யாழ்ப்பாணத்தில் நாம் நாள்தோறும் காணும் மரந்தான். ஆனாலும் அதற்கு நிறம் கொடுக்க உட்கார்ந்தால், வேலியோரம் போய் நின்று பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. குருத்தோலை வெளிர்மஞ்சள், விரிந்த ஓலை சாம்பல் படிந்த பச்சை, காய்ந்து தொங்கும் காவோலை மண்ணிறம். விரிந்த ஓலையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். நிழலுக்குக் கறுப்பை எடுத்தால் பச்சை செத்துவிடும். அதன் எதிர்நிறமான சிவப்பை மெல்ல அடியிலிட்டு, மேலே பச்சையைப் பூசினால் நிழலிலும் உயிர் இருக்கும். இப்படி ஓர் ஓலைக்கே பல பின்னேரங்கள் செல்கின்றன. "சித்தி, இண்டைக்கும் அதே ஓலைதானோ?" என்று பெறாமகள் எட்டிப் பார்த்துக் கேட்பாள். "ஓம் பிள்ளை, அதே ஓலைதான்" என்று சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியே.

கோடு முன்பே போடப்பட்டிருப்பதால் இது படைப்பாகாது என்பாரோடு நான் உடன்படுவதில்லை. 2005 இல் அமெரிக்காவில் நான்சி கரி, டிம் காசர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வெற்றுத்தாளில் விருப்பம்போல் நிறந்தீட்டியவர்களைவிட, முன்பே வரையப்பட்ட மண்டல வடிவத்துக்கும் (நடுவைச் சுற்றி விரியும் வட்டக் கோலம்) கட்டக் கோலத்துக்கும் நிறந்தீட்டியவர்களின் பதற்றம் அதிகம் தணிந்தது. எதை வரைவது என்ற கவலை நீங்கியதால், என் கவனம் முழுவதும் நிறத்தின் மீதே குவிகிறது. கை மெல்ல மெல்லப் பழகுவதும் அங்கேதான்.

அந்தப் பழக்கம் அன்றாடம் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே முடித்த ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் திகதி எழுதிவைக்கிறேன். பழைய பக்கங்களில் கீறல்கள் ஒரே திசையில் ஓடி, இடையிடையே கடதாசியின் வெள்ளை தெரிகிறது. (மெழுகு தடித்த இடங்களில் மங்கலான வெண்படலமும் படிந்திருக்கும், மென்துணியால் துடைத்தால் அது போய்விடும்.) பின்னைய பக்கங்களில் ஒரு நிறம் முடிந்து மற்றது தொடங்கும் இடத்தை நானே தேடித்தான் காண்கிறேன். எந்தப் பின்னேரத்தில் இந்த மாற்றம் நேர்ந்தது என்று என்னால் சுட்டிச் சொல்ல இயலாது. ஆயினும் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் உள்ளம் நிறைகிறது.

அடுத்து அடிமரம் இருக்கிறது. அதன் கருஞ்சாம்பலை நீலத்தையும் மண்ணிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டுப் பெறலாம். எது முதலில் வந்தால் பட்டையின் சொரசொரப்பு நன்றாகத் தெரியும் என்பதை இப்போது ஒரு துண்டுத்தாளில் பூசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.