சுஷிக் கடையில் அம்மா கண்டுபிடித்த அரிசி

டோக்கியோவில், நிஷி-கசாயில் குடியேறி ஏழு வருடம் ஆகிறது. ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்த வழியில் ஒரு சலவைக் கடையை ஒட்டி சின்னதாக ஒரு சுஷிக் கடை இருக்கிறது. மர இழுப்புக் கதவு, அதற்கு மேலே கருநீலத்தில் நோரென் துணி. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன விலை, எதுவும் வெளியில் இருந்து தெரியாது. முதல் இரண்டு வருடம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன், உள்ளே கால் வைக்கத் தயக்கம். சுஷி வேண்டும் என்றால் பெல்ட்டில் தட்டு சுற்றி வரும் பெரிய கடைக்குத்தான் குடும்பத்தோடு போவோம். அந்த வகைக் கடையை 1958இல் ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவர் ஆரம்பித்தார், பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் நகர்ந்து போவதைப் பார்த்து வந்த யோசனையாம். பிள்ளைகளோடு போக அதுவே வசதி, நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்தச் சின்னக் கடை வாசலில் ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தார்கள். மதிய நிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்தது, 1,100 யென், மிசோ சூப்போடு. சரி, போய்ப் பார்ப்போம் என்று கதவை இழுத்தேன். கவுண்டரில் எட்டு இருக்கை, பின்னால் இரண்டு மேசை, அவ்வளவுதான். எழுபதைத் தாண்டிய தாய்ஷோ, கடைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், கவுண்டருக்கு உள்ளே நிற்கிறார். அவர் மனைவி சூடான டீயைக் கனத்த பீங்கான் கோப்பையில் கொண்டுவந்து வைக்கிறார். மதியத்தில் மூன்றே தரம்: நாமி, ஜோ, தொகுஜோ. சாதா, உயர்ந்தது, அதைவிட உயர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமி கேட்டேன். இன்று வரைக்கும் பெரும்பாலும் நாமிதான் கேட்கிறேன், அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தப் பெயர் சோற்றுக்கு உரியது, வினிகர் கலந்த சோறு. மீன் இல்லாமல் சுஷி உண்டு, அந்தச் சோறு இல்லாமல் மீன் மட்டும் வந்தால் அது சஷிமி. இப்போது நாம் பார்க்கிற நிகிரி, 1820களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், பரவியது. அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் ஹனாயா யோஹெய் என்று சொல்வார்கள். ஐஸ் பெட்டி இல்லாத காலம், எதிரே இருக்கும் விரிகுடாவில் பிடித்த மீனைக் கெடாமல் காப்பாற்ற வேண்டும். ஒன்றுக்கு உப்பு, ஒன்றுக்கு வினிகர், ஒன்றை சோயாவில் ஊறப்போடுவது, ஒன்றை வேகவைப்பது. இதை இவர்கள் 'ஷிகோத்தோ' என்கிறார்கள், வேலை என்று அர்த்தம். மீனுக்கு வேலை செய்திருக்கிறார் என்றால் அது பெரிய பாராட்டு.

கோஹாதா என்று ஒரு மீன். மத்தி மாதிரி சின்னது, வெள்ளித் தோலில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். இதே மீன் குட்டியாக இருக்கும்போது ஷின்கோ, பெரிதாகிவிட்டால் கொனோஷிரோ, வளர வளரப் பேர் மாறும். தாய்ஷோ அதைப் பிளந்து, முள் எடுத்து, உப்புத் தூவி வைப்பார். எவ்வளவு நேரம் என்பது அன்றைய மீனின் கொழுப்பையும் வெயிலையும் பொறுத்தது. அப்புறம் வினிகரில் முக்கி எடுத்து, வடியவிட்டு, ஒரு நாளாவது வைத்திருந்துதான் பரிமாறுவார். வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பிறகு உப்பு, கடைசியில் மத்திக்கே உரிய அந்த எண்ணெய் மணம். தூத்துக்குடிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மீனும் உப்பும் சேர்ந்து நேரத்தோடு என்ன செய்யும் என்று கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த நாக்குக்குத் தெரியும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்டோபரில் அம்மா வந்திருந்தாள். பச்சை மீன் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் கடையை அவளுக்குக் காட்டாமல் அனுப்ப எனக்கு மனசில்லை. தாய்ஷோவிடம் சொன்னேன், எல்லாம் வெந்ததாகக் கொடுங்கள் என்று. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அம்மா முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். வேகவைத்த இறால். இனிப்பான முட்டை. பூப்போல வெந்த அனாகோ, கடல் விலாங்கு, மேலே தூரிகையால் கெட்டிச் சாறு தடவியது. கடைசியில் கன்பியோ சுருள். கன்பியோ என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள், நம்ம சுரைக்காய்! தோச்சிகி பக்கம் அதை நீள நாடாவாகச் சீவிக் காயவைக்கிறார்கள், இங்கே சோயாவிலும் சர்க்கரையிலும் கொதிக்கவைத்து, சோற்றோடு நோரி என்ற கடற்பாசித் தாளுக்குள் வைத்துச் சுருட்டுகிறார்கள். சுரைக்காயை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற ஊரா என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

ஆனால் அவள் கவனம் எல்லாம் சோற்றில்தான். முதலில், "சோறு ஏன் லேசா பழுப்பா இருக்கு" என்றாள். அது அகாசு, சிவப்பு வினிகர். சாக்கே என்ற அரிசி மது வடித்த பிறகு மிஞ்சும் சக்கையை நாள்பட வைத்து எடுப்பது, அந்த நிறம் சோற்றில் ஏறிவிடும். கேட்டுக்கொண்டே அனாகோவுக்கு அடியில் இருந்து நாலைந்து பருக்கையைக் கிள்ளி எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள், இன்னொரு தடவை நசுக்கினாள். "ஏய்யா, இது பழைய அரிசில்லா. புது அரிசின்னா இப்படி உதிரியா நிக்காது, குழைஞ்சிரும்."

தாய்ஷோவிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டார். அறுவடைக் காலத்தில் சூப்பர்மார்க்கெட் முழுக்க 'ஷின்மாய்', புது அரிசி என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஜப்பானியர்களுக்கு அதுதான் பிரியம். சுஷிக்காரருக்கு அது சரிப்படாது. புது அரிசியில் ஈரம் அதிகம், வினிகரை உள்ளே இழுக்காது, ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். அதனால் போன வருட அரிசியைக் கலந்து, சில மாதம் அப்படியே ஓட்டுகிறார். வினிகரைக் கலக்கும்போதும் மரத்தொட்டியில் துடுப்பைக் கத்தி போல வைத்து வெட்டி வெட்டித்தான் கலப்பார், பிசையக் கூடாது, விசிறியால் வீசி ஆற்ற வேண்டும். இதை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள், புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் ஆறவிடுகிற கதையை அவளும் சொன்னாள். நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, என் பங்கு சுஷி காய்ந்துபோனதுகூடத் தெரியவில்லை.

அரிசி என்றதும் இன்னொன்று. 2024 கோடையில் இங்கே கடைகளில் அரிசி அலமாரி காலியாகக் கிடந்தது. 2025 வசந்தத்தில் 5 கிலோ பை சராசரி 4,000 யென்னைத் தாண்டிவிட்டது, ஒரு வருடத்துக்கு முன்னால் இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போது தாய்ஷோ கையால் எழுதி ஒரு தாளை வாசலில் ஒட்டினார்: மதிய நிகிரிக்கு 150 யென் கூடுகிறது, மன்னிக்கவும். 150 யென்னுக்கு அவ்வளவு பணிவாக மன்னிப்பு. சோற்றின் அளவையும் குறைக்கவில்லை, அரிசியையும் மாற்றவில்லை. மகன் கம்பெனி வேலையில் இருக்கிறார், கடைக்கு வரப்போவதில்லை. இவர் ஓய்ந்துவிட்டால் கடை மூடிவிடும் என்பதை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதனாலேயே மாதத்தில் இரண்டு தடவையாவது போய்விடுகிறேன்.

இந்தப் பக்கம் நிறைய நம்மவர்கள் இருக்கிறீர்கள், சைவம் சாப்பிடுபவர்களும் உண்டு. வெள்ளரிக்காய் கப்பா சுருளைத் தைரியமாகக் கேட்கலாம். கன்பியோ, இனாரி (பொரித்த டோஃபு பைக்குள் சோறு வைத்தது) இரண்டிலும் கட்சுஓபுஷி என்ற காய்ந்த மீனில் எடுத்த சாறு சேர்த்திருக்கலாம். அது நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம், அதே சூரை மீன் வகையில் செய்வது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வந்ததும் உடனே சாப்பிடுங்கள், சோறு கைச்சூட்டில் இருக்கும்போதுதான் அது சுஷி. கையால் எடுத்துச் சாப்பிடலாம், தாய்ஷோவே அப்படித்தான் சொல்வார். சோயாவில் மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோற்றுப் பக்கத்தை நனைத்தால் உதிர்ந்துவிடும்.

போன வாரம் போயிருந்தேன். டீயை வைத்துவிட்டு தாய்ஷோவின் மனைவி முதலில் கேட்டது அம்மாவைப் பற்றித்தான், மறுபடி எப்போது வருகிறார் என்று. ராத்திரி போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். புது அரிசி கலக்க ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டாள்.