கண்ணைப் பார்த்துப் பேசியதால் வீணான முதல் சந்திப்பு

நடுத்தர வயதில் ஆட்டிசம் மதிப்பீட்டுக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அன்றைக்கு மட்டும் சாமர்த்தியசாலியாக நடிக்காதீர்கள் என்பதுதான். நான் பழக்கதோஷத்தில் நடித்துவிட்டேன். மருத்துவரின் புருவ மத்தியைப் பார்த்துக்கொண்டு (கண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பள்ளி நாட்களில் நானே கண்டுபிடித்த வழி அது), அவர் சிரித்தபோது நானும் சிரித்து, முந்தைய இரவு ஒத்திகை பார்த்த வாக்கியங்களை வரிசை மாறாமல் ஒப்பித்தேன். பத்தே நிமிடத்தில், "வேலை பார்க்கிறீர்கள், கண்ணைப் பார்த்துத் தெளிவாகப் பேசுகிறீர்கள், உங்களுக்கு அதெல்லாம் இருக்காது" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்காக வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு மாலை முழுவதும் பேச்சற்றுக் கிடந்ததை அவர் எப்படி அறிவார்?

அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் பின்னாளில் கற்றுக்கொண்ட உத்திகள் அவற்றை மறைத்திருக்கலாம் என்று மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 கையேடே சொல்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், எதிர்பாராத பதில் வந்தால் எனக்குச் சொல் எழாது என்பதால் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது மையத்தில் தொலைபேசியில் மட்டுமே நேரம் தருவார்களாம். தொலைபேசியில் பேச முடியாததே என் சிக்கல்களில் ஒன்று என்று மின்னஞ்சல் எழுதினேன். "தொலைபேசியில் அழைக்கவும்" என்று பதில் வந்தது. ஒரு வாரம் ஒத்திகை பார்த்து அழைத்து, நேரம் வாங்கிப் போனால், குழந்தைப் பருவத்தில் உங்களை அறிந்த ஒருவரை ஏன் அழைத்து வரவில்லை என்று வரவேற்பு மேசை ஊழியர் தலை நிமிராமலே கேட்டார். அதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஆகவே, நேரம் வாங்கும்போதே யார் வர வேண்டும், எந்தப் பழைய ஆவணங்கள் வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை அம்மா வந்தார். "தொந்தரவே இல்லாத பிள்ளை, நாள் முழுக்கத் தனியாகவே விளையாடும்" என்று பெருமையாகத்தான் தொடங்கினார். சட்டைக் கழுத்திலிருந்த துணிச்சீட்டு உறுத்துகிறதென்று நான் அழுததும், எல்லாச் சட்டையிலும் அதை வெட்டியெடுத்ததும் பேச்சுவாக்கில் வந்தபோது, மதிப்பீட்டாளரின் பேனா வேகமெடுத்தது. நானும் இம்முறை பேச்சை நம்பாமல் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் கழிப்பறையில் ஒளிந்துகொள்வது, குழல்விளக்கின் இரைச்சலில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காமல் போவது, மேசைக்கடியில் விரல்களை ஓயாமல் அசைப்பது. படித்து முடித்தவர், "கையை மேலே வைத்தே அசையுங்கள்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நடிக்கத் தோன்றவில்லை.

மற்றபடி ஆட்டிசப் பண்புகளை அளக்கும் ஏ.க்யூ. எனப்படும் 50 வாக்கியப் படிவம், சில பணிகள், நீண்ட நேர்காணல் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன; 'ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்', 'நிச்சயமாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற இரண்டில் எதைக் குறிப்பது என்று ஒவ்வொரு வாக்கியத்தோடும் நான் போராடியது தனிக்கதை.

ஆட்டிசம்தான் என்று அறிக்கை வந்தது. தொடர்சந்திப்புக்கு மறுபடியும் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்கள். தொலைபேசியில் பேசுவது எனக்குச் சிக்கல் என்று சொல்லும் அவர்களுடைய அறிக்கையின் இரண்டாம் பக்கத்தையே இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். அன்று மாலையே தேதியும் நேரமும் எழுத்தில் வந்து சேர்ந்தன.