டீபங்க் என்ற வினைச்சொல்லும் கொரியாவின் மின்விசிறியும்

பலரும் நம்பும் ஒன்றைப் பொய் என்று காரணத்தோடு நிரூபிப்பதைத்தான் ஆங்கிலத்தில் டீபங்க் செய்வது என்பார்கள். கொரிய மொழி பேசுபவர்களுக்கு இந்த வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுக்க மின்விசிறியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கினால் செத்துப்போவோம் என்று அங்கே பல தலைமுறைகளாக நம்பினார்கள். கொரிய நுகர்வோர் பாதுகாப்பு வாரியமே 2006இல் இதைச் சொல்லி எச்சரித்தது.

இந்தச் சொல்லைப் பார்த்ததும் பல கொரியர்களுக்கு ‘போங்னோஹாதா’தான் நினைவுக்கு வரும், அதாவது அம்பலப்படுத்துவது. சிக்கல் அங்கேதான். அம்பலமாவது யாரோ மூடிமறைத்த உண்மை, ஆனால் டீபங்க் செய்யப்படுவதோ ஊரே வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருக்கும் பொய். அதனால் அமைச்சரின் ஊழலை டீபங்க் செய்தார்கள் என்று எழுதினால், ஊழலே நடக்கவில்லை, அது வெறும் புரளி என்று நிரூபித்துவிட்டார்கள் என்றுதான் ஆங்கிலம் படிப்பவர் புரிந்துகொள்வார். எழுத நினைத்ததற்கு நேர் எதிர்! அங்கே எக்ஸ்போஸ்தான் வர வேண்டும்.

இன்னொன்று, ‘அதெல்லாம் சும்மா’ என்று மறுத்துப் பேசினால் மட்டும் அது டீபங்க் ஆகிவிடாது, காரணம் காட்ட வேண்டும். மின்விசிறி காற்றை நகர்த்துகிறதே தவிர ஆக்சிஜனைத் தின்பதில்லை. குளிரில் உயிருக்கு ஆபத்து வர வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும், கோடைப் புழுக்கத்தில் அறைக் காற்றையே திருப்பித் திருப்பி வீசும் விசிறியால் அது நடக்காது. இவ்வளவும் சொன்ன பிறகு அந்த வினைச்சொல்லைத் தாராளமாகப் போடலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், டீபங்க் செய்யப்படுவது நம்பிக்கைதான், நம்பியவர் இல்லை. பேரன் தூங்கியதும் எழுந்துவந்து விசிறியை அணைக்கும் பாட்டி அவன்மேல் இருக்கும் பாசத்தில்தான் அணைக்கிறார். அவரை டீபங்க் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

பங்க் என்றால் வெற்றுப் பேச்சு, டீ அதை நீக்குகிறது. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் உட்வர்ட் 1923இல் வந்த தன் நாவலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது.

பழகிப் பார்க்க ரத்த வகையை எடுத்துக்கொள்ளலாம். ஏ வகைக்காரர் கூச்ச சுபாவி, பி வகைக்காரர் சுயநலக்காரர் என்ற பேச்சைக் கேட்காத கொரியர் குறைவு. அதை ஒரு வாக்கியத்தில் எழுதி, ஏன் தப்பு என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். அப்புறம், வாய்விட்டுப் படிக்கும்போது கடைசி க்-ஐ அப்படியே நிறுத்துங்கள், கொரிய வழக்கப்படி அதன் பின்னால் ஓர் உயிரொலி சேர்ந்தால் இரண்டு அசைச் சொல் மூன்றாகிவிடும்.