பெருமூச்சுக்கு மூன்று பக்கம்

ஜூன் 3, இரவு

அடுத்தடுத்து மூன்று கனமான நாவல்கள் படித்து மனசு பாரமாகிவிட்டது. கொஞ்சம் இலகுவாக ஏதாவது கொடு என்று தோழியிடம் கேட்டதற்கு ஒரு காதல் நாவலைக் கையில் திணித்தாள். 32 அத்தியாயம். நாயகி படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள். வசனத்தோடு சேர்த்து, செவித்திறன் குறைந்தவர்களுக்காக 'கதவு சாத்தும் ஓசை', 'தூரத்தில் நாய் குரைக்கிறது' என்று சத்தங்களையும் எழுத வேண்டும். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவன் ஒலிப்பதிவாளன், ராத்திரியெல்லாம் எதையாவது தட்டிப் பதிவு செய்துகொண்டிருக்கிறான். சண்டை அங்கேதான் ஆரம்பம்.

இவர்கள் இரண்டு பேரும் சேரப்போகிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். இந்த வகைக் கதையில் நல்ல முடிவு என்பது வாசகருக்கு முன்கூட்டியே கொடுத்த வாக்கு, எந்த வழியாகக் கூட்டிப்போகிறார்கள் என்று பார்க்கத்தான் படிக்கிறோம்.

ஜூன் 4

ஒன்பதாம் அத்தியாயம். இதைப் பற்றி விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

ஒரு படத்தில் கிழவர் ஒருவர் நாற்காலியில் உட்காரும்போது மூச்சு விடுகிறார். அதை 'பெருமூச்சு' என்று எழுதுவதா, வேண்டாமா என்று நாயகிக்குக் குழப்பம். கீழ்வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கேட்கவைக்கிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை கேட்டுவிட்டு, "இது பெருமூச்சு இல்லைங்க, பையைக் கீழே வெச்சிட்டார், அவ்வளவுதான்" என்கிறான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பையை எப்போதோ வைத்துவிட்டார், இது வேற என்கிறாள். மூன்று பக்கம் இந்த ஒற்றை மூச்சைப் பற்றியே பேசுகிறார்கள்! அவன் படிக்கட்டில் இறங்கி, கையில் பையோடு ஏறி வந்து, உட்கார்ந்து மூச்சு விட்டுக் காட்டுகிறான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்கிறாள். காதல் என்ற சொல் அந்த மூன்று பக்கத்தில் ஒரு இடத்திலும் வரவில்லை, ஆனால் ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் இவ்வளவு கவனமாகக் கேட்டால் அதற்கு வேறு என்ன பெயர்?

அவளுடைய தொழிலை எழுத்தாளர் நன்றாகத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் என்ற கட்டுப்பாடு, அதற்குள் ஒரு மனிதரின் கோபத்தை அடக்குவது எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஆறாம் அத்தியாயத்தில் பாதியில் வெட்டிய காட்சியை அனுப்பிய தயாரிப்பாளரிடம், "அரை வசனத்துக்கு நான் எழுத மாட்டேன், முழுசா அனுப்புங்க" என்று சண்டை போடுவாளே, அங்கேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஜூன் 5

வேலை அதிகம். இரண்டு அத்தியாயம்தான். நாயகியின் அக்கா வரும் இடமெல்லாம் சிரிப்பு. அக்கா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் இவள் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தையே.

ஜூன் 6

ஒரு சின்ன வருத்தம். அத்தியாயங்களை அவளும் அவனும் மாறி மாறிச் சொல்கிறார்கள், ஆனால் குரல் ஒன்றாகவே இருக்கிறது. தலைப்பில் பெயர் போடாவிட்டால் யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குப் பாதிப் பக்கம் ஆகிறது. சத்தத்தோடே வாழ்கிறவன் உலகத்தை வேறு மாதிரி அல்லவா சொல்ல வேண்டும்? அப்புறம் அவனுடைய பழைய காதலி. அழகு, பணம், அலட்சியம் என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார். அக்காவுக்குக் கொடுத்த அக்கறையில் கால் பங்கு அவளுக்கும் கொடுத்திருக்கலாம்.

ஜூன் 8, நள்ளிரவு

கோபத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

25-ம் அத்தியாயம். அவள் கீழே வருகிறாள், கதவு ஒருக்களித்திருக்கிறது, உள்ளே அவன் போனில் "...கழற்றிவிட்டால்தான் எனக்கு நிம்மதி" என்கிறான். அவன் சொன்னது சுவரில் மாட்டியிருந்த பழைய ஸ்பீக்கரை. தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, ஒரு வார்த்தை கேட்காமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். போனையும் அணைத்துவிடுகிறாள். ஒரு பக்கத்துக்கு நல்ல சிரிப்பாக இருந்திருக்கும். கதவைத் தள்ளி "எதை?" என்று கேட்டிருந்தால் போதும். அதை ஐந்து அத்தியாயத்துக்கு இழுத்தால் எப்படி?

யார் அரைகுறையாகக் கேட்டு ஏமாந்திருந்தாலும் பொறுத்திருப்பேன், இவளா? அரை வசனத்துக்கு எழுத மாட்டேன் என்று சண்டை போட்டவள். ஒரு மூச்சை நாலு தடவை திருப்பிக் கேட்டவள். கதைக்கு ஒரு பிரிவு வேண்டும் என்பதற்காக அவள் காதையே பிடுங்கி எறிந்துவிட்டார் எழுத்தாளர்.

ஜூன் 9

காலையிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. இலகுவான கதைக்கு இலகுவான ஊடல் போதும் என்று ஒருவர் வாதாடலாம், நானும் ஒத்துக்கொள்வேன். குறளில் 'புலவி நுணுக்கம்' 132-வது அதிகாரம். அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், வாழ்த்திய கையோடு, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிப் பார்க்கிறான், உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகை. காரணம் ஒரு தும்மல்தான், ஆனால் சண்டை முழுக்க அவள் ஆசையிலிருந்தே கிளம்புகிறது. கதவிடுக்கில் கேட்ட அரை வரி அங்கே தேவைப்படவில்லை.

இன்னொன்று, கணக்கு. ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் முதல் தடவை காதலைச் சொல்லி மறுக்கப்படுவது 34-ம் அத்தியாயத்தில். மொத்தம் 61. மிச்சமிருக்கும் 27 அத்தியாயத்தில் இருவரும் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. இங்கே 25-ல் பிரிந்து 30-ல் சேர்கிறார்கள், நடுவில் யாரும் மாறவில்லை, ஸ்பீக்கர் விஷயம் தெரியவந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 10

முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் எழுத்தாளர் பழையபடி சுதாரித்துக்கொள்கிறார். அந்தக் கிழவர் படம் திரையிடப்படுகிறது, இருவரும் பின்வரிசையில். அந்த இடம் வரும்போது திரையில் அவள் எழுதிய வரி வருகிறது: 'பையை வைத்துவிட்டு, பெருமூச்சு'. இருவர் சொன்னதும் ஒரே வரியில். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோழியிடம் பேசினேன். 25-லிருந்து 29 வரை அவள் புரட்டிக்கொண்டே போய்விட்டாளாம், அதனால் பெரிதாகத் தோன்றவில்லை என்றாள். எனக்கு அப்படித் தாண்டிப் போக மனசு வராது, அந்த ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதியவர் இதையும் நன்றாக எழுதியிருக்க முடியும். இவருடைய அடுத்த நாவல் வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன். புத்தகத்தை நாளைக்குத் திருப்பித் தர வேண்டும், அதற்குள் அந்த மூன்று பக்கத்தை இன்னொரு தடவை.