கிரெஷ் பதிவுக்கு அலையப் போகிறவர்களுக்கு

என் கிரெஷுக்கான (பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்) பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த அலுவலகக் கவுன்ட்டரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் பெண்கள் பலர் வீட்டு காரேஜில் கிரெஷ் நடத்துகிறார்கள். நான் பட்ட பாட்டை அவர்களும் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொண்டால் பதிவு கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்குப் போய்விட்டதும் தெரிந்திருக்கும். ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களைக் குறித்துவைக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் நம் பெயர் இல்லை என்று காட்டும் படிவம் 30 மட்டும் இன்னமும் பழைய துறைக்குத்தான் போகிறது. இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சமையல் செய்பவர் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். பதில் வரத் தாமதமாகும். முதல் வேலையாக அதை அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள்.

உண்மையான இழுபறி நகராட்சியில்தான். சுகாதாரச் சான்றிதழ் கேட்டால், நிலப் பயன்பாட்டு அனுமதி எங்கே என்றார்கள். அனுமதி கேட்டால், காரேஜை வகுப்பறையாக்கிய வரைபடத்துக்கு ஒப்புதல் எங்கே என்றார்கள். அக்கம்பக்கத்தாரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க அங்கே ஓர் ஆள் இல்லை. கழிப்பறைக்கும் டைல்ஸுக்கும் பணத்தைக் கொட்டும் முன், உங்கள் மனையில் கிரெஷ் நடத்த அனுமதி கிடைக்குமா என்று நகராட்சியின் திட்டப் பிரிவில் கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தப் பணமாவது மிஞ்சும்.

இப்படி அலைந்துவிட்டுக் கல்வித் துறை அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்தவர் அடையாள அட்டை நகலைத் திருப்பினார். அது உண்மை நகல் என்று போலீஸ் ஸ்டேஷனில் போட்ட முத்திரையின் தேதியைப் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்று மாதம் தாண்டிவிட்டதாம். கோப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பி வந்தது. நகராட்சி இழுத்தடித்ததால் கடந்த மாதங்கள் அவை! நகல்களுக்கு முத்திரை வாங்குவதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கு வந்த சுகாதார அதிகாரியைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வந்ததும் பிள்ளைகள் கை கழுவும் குழாயைத் திறந்து பார்த்தார். ஸிங்குக்கு அடியில் பிளீச் பாட்டில் இருந்த அலமாரிக்குப் பூட்டு போடச் சொன்னார். பிறகு நாடாவை விரித்து அறையை அளந்தார். ஒரு பிள்ளைக்கு உள்ளே 1.5 சதுர மீட்டர், வெளியே விளையாட 2 சதுர மீட்டர் என்பது விதி. என் அறை 30 சதுர மீட்டர், இருபது பிள்ளைகள் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். பெரிய அலமாரிகள் அடைத்த 3 சதுர மீட்டரை அவர் கழித்தார், பதினெட்டு ஆனது. “மா, இவற்றை நடைக்கு நகர்த்தினால் இரண்டு பிள்ளைக்கு இடம் கிடைக்குமே” என்றார். அன்று மாலையே என் தம்பியும் நானும் நகர்த்தினோம். இருபதே எழுதினார். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்க வருகிற ஆய்வு இப்படித்தான் இருக்க வேண்டும்.

வரைபட ஒப்புதல் மட்டும் பாக்கி இருந்தபோது, கல்வித் துறை அலுவலகத்தில் எல்லாம் முடிந்தபின் வா என்று அனுப்பப் பார்த்தார்கள். நான் நகரவில்லை. குழந்தைகள் சட்டத்தில் நிபந்தனையுடன் கூடிய பதிவு என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொடுங்கள் என்று கேட்டேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். நாமாகக் கேட்காவிட்டால் அந்தப் பேச்சே எழாது. கிரெஷ்களைப் பதிவு செய்ய அரசு 2025இல் தொடங்கிய பானா பேலே இயக்கத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற பதிவு நிலைகளில் படிப்படியாக ஏற வழி இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

பதிவு இல்லாமல் அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தலைக்கு நாளொன்றுக்குப் பல வருடங்களாக 17 ராண்டாக இருந்தது 2025இல் 24 ராண்டாக உயர்ந்தது. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது மதியச் சாப்பாடு. சான்றிதழ் 5 வருடம் செல்லும். காலாவதிக்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 30ஐ அதற்கும் முன்னால் அனுப்பிவிடுங்கள்.