காவுதடி சொல்லித்தந்த விகிதம்

மாங்குளத்திலிருந்து பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் எழுதிய உயர்தர மாதிரிப் பரீட்சை அது. க (2, 1), ச (12, 6) என்னும் புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டை 2 : 3 என்ற விகிதத்தில் உள்ளாகப் பிரிக்கும் புள்ளி ப எது என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதிய விடை (8, 4). சரியான விடை (6, 3).

சூத்திரம் எனக்கு மனப்பாடம். ஆனால் 2 எந்தப் புள்ளியைப் பெருக்க வேண்டும், 3 எதைப் பெருக்க வேண்டும் என்பதை மாற்றிவிட்டேன். (8, 4) அதே கோட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் செய்தேன். இருந்தது! மாற்றிப் பெருக்கினாலும் புள்ளி கோட்டை விட்டு விலகாது. அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அப்பு காவுதடியில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். ஒரு முனையில் நிறைகுடம், மறு முனையில் குறைகுடம். தோளைத் தடியின் நடுவில் வைக்காமல், பாரமான பக்கத்துக்குக் கிட்டவாக வைத்திருந்தார். எனக்கு அங்கேயே கணக்கு விளங்கிவிட்டது.

தோள்தான் ப. கப : பச = 2 : 3 என்றால் தோள் க-வுக்குக் கிட்ட இருக்கிறது. எனவே க-வில் தொங்கும் பாரம் 3, ச-வில் தொங்கும் பாரம் 2. அப்போதுதான் பாரம் × தூரம் இரு பக்கமும் சமனாகி, 3 × 2 = 2 × 3 என்று தடி சமநிலையில் நிற்கும். முதலாவது ஆள்கூறு (3 × 2 + 2 × 12) ÷ 5 = 6. இரண்டாவது (3 × 1 + 2 × 6) ÷ 5 = 3. ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்கும் தானக்காவியிலும் திணிவு மையத்திலும் வருவது இதே காவுதடிதான்.

சரிபார்க்க வேறு வழியில் போங்கள். க-விலிருந்து ச-வுக்கு நகர்வு (10, 5). அதில் ஐந்தில் இரண்டு பங்கு (4, 2). க-வுடன் கூட்டினால் (6, 3). அரை நிமிடமும் ஆகாது.

இனி, பலரும் பயப்படும் இடம். விகிதத்தைத் தராமல், ஒரு நேர்கோடு கச-வை எந்த விகிதத்தில் பிரிக்கிறது என்று கேட்பார்கள். இரண்டு தெரியாக் கணியங்கள் எடுத்துத் திணறாதீர்கள். த : 1 என்று எடுங்கள். அப்போது ப-வின் ஆள்கூறுகள் (12த + 2) ÷ (த + 1), (6த + 1) ÷ (த + 1). ஆள்கூறுகளின் கூட்டுத்தொகை 9 ஆகும் நேர்கோட்டில் ப இருந்தால் 18த + 3 = 9த + 9; த = 2/3. அதே பழைய புள்ளி (6, 3).

கூட்டுத்தொகை −27 ஆகும் நேர்கோட்டைக் கொடுத்தால் த = −2/3 வரும். மறைப் பெறுமானத்தைக் கண்டதும் விடையை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நேரம் போனதுதான் மிச்சம். தயவுசெய்து வெட்டாதீர்கள். மறைக் குறி சொல்வது இதுதான்: நேர்கோடு கோட்டுத்துண்டை வெட்டாமல், க-வுக்கு அப்பால் நீட்டிய பகுதியில் (−18, −9) இல் வெட்டுகிறது. "வெளியாக 2 : 3" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.